கடிதம் இல்லாத உறை

ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கு ஓர் ஊதாரித்தனம் உண்டு. கல்லீரல் செல்லுக்குள் புகுந்து பெருகும்போது, தேவைக்கு மேல் பல மடங்கு மேலுறைகளைச் செய்து தள்ளிவிடும். மரபுச் செய்தியை உள்ளே வைத்து மூடிய முழு வைரஸ் ஒன்றுக்கு, உள்ளே எதுவும் இல்லாத வெற்றுறைகள் ஆயிரக்கணக்கில் ரத்தத்தில் மிதக்கும். ஐந்நூறு கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டு ஐந்து லட்சம் உறை வாங்கி வைத்த வீடு மாதிரி.

ஓர் உறையின் குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். உள்ளே கடிதம் கிடையாது என்பதால் அது நோயைக் கொண்டுவராது. ஆனால் நம் உடல் இந்த வைரஸை அடையாளம் வைத்துக்கொள்வது உறையைப் பார்த்துத்தான். வெற்றுறையை மட்டும் முன்கூட்டியே காட்டிவிட்டால், பிறகு கடிதத்தோடு வரும் உறையை உடல் வாசலிலேயே மடக்கிவிடும். பிரசவ அறையில் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அதன் தொடையில் போடும் அரை மில்லி ஊசியில் இருப்பது இந்த வெற்றுறைதான்.

இன்று அது ஆலையில் ஈஸ்ட் வளர்த்து எடுக்கும் சரக்கு. முதலில் அது மனிதர்களின் ரத்தத்தில் கிடைத்தது, மனிதர்களின் ரத்தத்திலிருந்தே பிரிக்கப்பட்டது, மனிதர்களின் கைகளில் ஏற்றித்தான் நிரூபிக்கப்பட்டது. அதன் வழி நெடுகக் கை நீட்டி நின்றவர்கள் பெரும்பாலும் ஊர் ஒதுக்கி வைத்தவர்கள்.

சிவப்புக் கோடு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், பெதஸ்டா. ஆண்டு 1963. தேசிய சுகாதார நிறுவனத்தில் பாருக் பிளம்பெர்க் என்ற மருத்துவர் இருந்தார். கல்லீரல் நோய் அவருடைய துறை இல்லை. ஒருவர் ரத்தப் புரதம் இன்னொருவருடையதிலிருந்து பரம்பரையாக எப்படி மாறுபடுகிறது என்பதே அவர் தேடிய கேள்வி. அதற்காக உலகின் பல மூலைகளில் வாழும் மக்களின் சீரத்தைத் திரட்டி உறைபெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அதே வளாகத்தின் ரத்த வங்கியில் ஹார்வி ஆல்டர் என்ற இளம் மருத்துவர் வேலை பார்த்தார். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நோயாளிகளின் உடல் பலருடைய ரத்தத்தைச் சந்தித்திருக்கும். அந்நியப் புரதங்களை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் அவர்கள் சீரத்தில் சேர்ந்திருக்கும். அந்தச் சீரத்தைப் பிளம்பெர்க்கின் சேகரிப்போடு மோதவிட்டுப் பார்ப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

செய்முறை எளிது. அகர் ஜெல்லியை மெல்லிய படலமாக ஊற்றி உறைய விடுவார்கள். அதில் சின்னச் சின்னக் குழிகள். நடுக்குழியில் நோயாளியின் சீரம், சுற்றியுள்ள குழிகளில் மற்றவர்களின் சீரம். திரவங்கள் ஜெல்லிக்குள் மெல்ல ஊறிப் பரவும். எதிர்ப்பொருளும் அதற்குரிய புரதமும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு படியும். அவர்கள் தேடிய புரதங்கள் கொழுப்போடு சேர்ந்தவை. கொழுப்புச் சாயம் ஏற்றினால் அந்தக் கோடுகள் பளிச்சென்று தெரியும். ஒரு நாள் ஆல்டர் கண்ட கோடு அந்தச் சாயத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை. புரதச் சாயம் ஏற்றியதும் சிவந்தது.

கோட்டின் ஒரு பக்கம் நியூயார்க்கைச் சேர்ந்த ரத்தம் உறையாமை நோயாளியின் சீரம். மறுபக்கம், வரிசையாக வைத்த 24 சீரங்களில் ஒன்றே ஒன்று: ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவருடையது. அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ரத்தம் மட்டும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சந்தித்துக்கொண்டது. வந்த ஊரை வைத்து அந்தப் பொருளுக்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் வைத்தார்கள். 1965இல் கட்டுரை வெளியானபோது, அது ரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்றே எண்ணினார்கள். கையில் இருந்தது ஒரு வைரஸின் சட்டை என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தெரிந்தது மெல்லத்தான். பிளம்பெர்க் பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்கு மாறிய பிறகு, காப்பகம் ஒன்றில் வாழ்ந்த டவுன் சிண்ட்ரோம் நோயாளி ஒருவரின் ரத்தத்தில், முன்பு இல்லாத ஆன்டிஜென் திடீரென்று தோன்றியது; கூடவே கல்லீரல் அழற்சியும் வந்திருந்தது. 1967இல் பிளம்பெர்க்கின் ஆய்வகத்திலேயே வேலை பார்த்த பெண் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, சிறுநீர் கருத்துப் போனது. சந்தேகப்பட்டுத் தன் சீரத்தைத் தானே ஜெல்லியில் வைத்துப் பார்த்தார். மங்கலாகக் கோடு விழுந்தது. மறு ஆண்டு நியூயார்க் ரத்த மையத்தின் ஆல்ஃப்ரெட் பிரின்ஸ், ரத்தம் ஏற்றியதால் வரும் காமாலைக்கும் இந்த ஆன்டிஜெனுக்கும் உள்ள உறவை உறுதிப்படுத்தினார். 1970இல் லண்டனில் டேவிட் டேன் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் முழு வைரஸையே பார்த்தார். அதன் குறுக்களவு 42 நானோமீட்டர்.

இதற்கிடையில், 1969இல், பிளம்பெர்க்கும் இர்விங் மில்மனும் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். நோயைச் சுமப்பவரின் ரத்தத்திலிருந்து உறையை மட்டும் பிரித்தெடுத்துத் தடுப்பூசி ஆக்கலாம் என்பது அதன் சாரம். கேட்டவர்கள் முகம் சுளித்திருந்தால் ஆச்சரியமில்லை. இந்த வைரஸ் ஆய்வகக் குடுவையில் வளர மறுத்தது. மனித ரத்தத்தைத் தவிர வேறு மூலப்பொருள் இல்லை. நோயைச் சுமப்பவரின் ரத்தத்திலிருந்து தடுப்பூசி செய்வது அதுவரை யாரும் செய்யாத காரியம்.

ஒரு நிமிடக் கொதி

உறையின் அடுத்த நிறுத்தம் பேசக் கூசும் இடம். நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் அரசுப் பள்ளி. பெயர்தான் பள்ளி; மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை அடைத்து வைத்த இடம். கொள்ளளவுக்கு மீறிய கூட்டம், போதாத ஆட்கள், எங்கும் அசுத்தம். உள்ளே வந்த பிள்ளைகளுக்குக் காமாலை வருவது வாடிக்கை. சால் குரூக்மன் என்ற குழந்தை மருத்துவர் 1950களின் நடுவில் அங்கே ஆய்வு தொடங்கினார். சில பிள்ளைகளுக்கு வைரஸை வேண்டுமென்றே கொடுத்துக் கவனித்தார். எப்படியும் வரப்போகிற நோய்தானே, பெற்றோரும் கையெழுத்திட்டிருக்கிறார்களே என்பது அவர் தரப்பு. இடம் கிடைக்காமல் அலைந்த பெற்றோர் போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று எதிர்த்தரப்பு கேட்டது. மருத்துவ அறம் கற்பிக்கும் வகுப்புகளில் அந்தக் கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது.

அங்கிருந்துதான் ஒரு முக்கியமான செய்தி வந்தது. காமாலை வைரஸ் ஒன்றல்ல, இரண்டு வகை என்று குரூக்மன் பிரித்துக் காட்டினார். பிறகு, பி வகை உள்ள சீரத்தை ஒன்றுக்குப் பத்தாகத் தண்ணீரில் கலந்து, 98 டிகிரியில் ஒரு நிமிடம் கொதிக்கவைத்து ஊசியாகப் போட்டார். கொதித்த சீரம் நோயைத் தரவில்லை. பின்னர் உண்மையான வைரஸைக் கொடுத்தபோது பெரும்பாலான பிள்ளைகள் தப்பினார்கள். 1971இல் வெளியான முடிவு இது. சூட்டில் கடிதம் கருகிவிட்டது, உறை தாங்கி நின்றது. ஓர் அடுப்பையும் பாத்திரத்தையும் வைத்துக்கொண்டு உலகின் முதல் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி தற்செயலாகத் தயாராகியிருந்தது. அதைத் தாங்கியவர்கள் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள்.

65 வாரம்

பென்சில்வேனியாவின் வெஸ்ட் பாயின்டில் மெர்க் நிறுவனத்தின் மாரிஸ் ஹில்மன் இந்த வேலையைக் கையில் எடுத்தார். மொன்டானாவில் கோழி வளர்த்த வீட்டில் வளர்ந்தவர், கறாரான ஆள். ரத்தத்தை மூலப்பொருளாக வைத்து மருந்து செய்வதில் உள்ள ஆபத்து அவருக்குத் தெரியும். ஹெபடைட்டிஸ் பி வைரஸை மட்டும் கொன்றால் போதாது. அந்த ரத்தத்தில் யாரும் இன்னும் பெயர் வைக்காத வேறு கிருமி ஒளிந்திருந்தால் அதுவும் சாக வேண்டும்.

பிளாஸ்மாவை முதலில் அதிவேகத்தில் சுழற்றி உறைகளைப் பிரித்தார்கள். பிறகு மூன்று வதைகள். வயிற்று அமிலம் போன்ற கடும் புளிப்பில் பெப்சின் என்ற செரிமான நொதி. அது உறையைச் சுற்றி ஒட்டிய மற்ற புரதங்களைத் தின்றுவிடும். அடுத்தது அடர்ந்த யூரியாக் கரைசல். மடிந்திருக்கும் புரதங்களை அவிழ்த்து உதறிவிடும். கடைசியாக ஃபார்மலின், கல்லூரி ஆய்வகத்தில் தவளையைப் போட்டு வைக்கும் அதே திரவம், நீர்க்கக் கலந்து நாள்கணக்கில். இவ்வளவுக்கும் ஈடுகொடுத்து நின்றது உறை. அதை அலுமினிய உப்போடு சேர்த்துப் புட்டியில் அடைத்தார்கள். பிறகும் சிம்பன்சிகளுக்குப் போட்டு நோய் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே மனிதருக்கு. பிளாஸ்மா வந்து சேர்வதிலிருந்து புட்டி வெளியே போவதுவரை 65 வாரம் ஆனது.

இந்த மூன்று வதைகளைப் பிற்பாடு பலர் நன்றியோடு நினைத்துக்கொள்ளப்போகிறார்கள்.

நிரூபணம் என்னும் கணக்கு

புட்டி தயார். அது வேலை செய்கிறது என்று எப்படிக் காட்டுவது? அமெரிக்கப் பொதுமக்களில் இந்த நோய் புதிதாகத் தொற்றுவோர் மிகக் குறைவு. தடுப்பூசி போட்ட ஆயிரம் பேருக்கு நோய் வரவில்லை என்றால் அது ஊசியின் திறமையா, வராமலே இருந்திருக்குமா என்று சொல்ல முடியாது. பல்லாயிரம் பேரைப் பல வருடம் பின்தொடர வேண்டியிருக்கும். நோய் அடர்ந்து பரவும் கூட்டம் ஒன்று வேண்டும். அவர்கள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து ரத்தம் கொடுப்பவர்களாகவும் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டவர் வுல்ஃப் ஸ்முனெஸ். 1919இல் வார்சாவில் பிறந்த யூதர். நாஜிப் படையெடுப்பில் குடும்பத்தை இழந்தார்; சோவியத் பகுதிக்குத் தப்பியவரைச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே தோம்ஸ்க் நகரில் மருத்துவம் படித்தார். போலந்துக்குத் திரும்பித் தொற்றுநோயியல் நிபுணராகப் பெயர் எடுத்தார். 1960களின் கடைசியில் அங்கே மீண்டும் யூத வெறுப்பு தலைதூக்கவே, ஐம்பது வயதில் மனைவி மகளோடு நியூயார்க் வந்து இறங்கினார். ரத்த மையத்தில் கீழ்நிலை வேலையில் சேர்ந்து, சில ஆண்டுகளில் தொற்றுநோயியல் ஆய்வகத்துக்குத் தலைவரானார்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நோய் அதிகம். ஆனால் அவர்கள் உடல் தடுப்பூசிக்குச் சரியாக எதிர்வினை தராது. போதை ஊசி பழக்கம் உள்ளவர்களை மறுமாதம் எங்கே தேடுவது? ஸ்முனெஸின் பார்வை நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பக்கம் திரும்பியது. எழுபதுகளின் நடுவில் அங்குள்ள தன்பாலீர்ப்பு ஆண்களிடம் அவர் நடத்திய ரத்தப் பரிசோதனையில், ஏறத்தாழ பாதிப் பேரிடம் இந்த வைரஸ் வந்துபோன தடம் இருந்தது. உடலுறவு வழியாகவும் இது பரவுகிறது என்பதற்கு அது வலுவான சான்று. இன்னும் தொற்றாமல் இருந்தவர்களையும் அது வேகமாக எட்டிக்கொண்டிருந்தது. வேலை வெட்டி உள்ளவர்கள், படித்தவர்கள், ஒரே நகரில் வசிப்பவர்கள். கூடிப் பேசச் சங்கங்களும் சொந்தமாக மருத்துவ முகாம்களும் வைத்திருந்தார்கள்.

அவர்கள் ஏன் சம்மதிக்க வேண்டும்? கிறிஸ்டோபர் தெருவில் போலீஸ் சோதனைக்கு எதிராக அவர்கள் திரண்டு பத்தாண்டுகூட ஆகவில்லை. மனநோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர்கள் நீக்கியதே 1973இல்தான். இரண்டு ஆண்கள் விரும்பி உறவுகொள்வது நியூயார்க் மாநிலச் சட்டப்படி அப்போதும் குற்றம். அந்தச் சட்டம் செல்லாது என்று மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1980 டிசம்பரில். நம் நாட்டில் 377ஆம் பிரிவின் பிடி தளர 2018 வரை ஆனது என்பதை வைத்துப் பார்த்தால் அவர்கள் நிலைமை நமக்குப் புரியும். ஒரு மருத்துவ மையத்தில் பெயர் கொடுப்பதும், யாரோடு, எத்தனை பேரோடு என்று சொல்வதும், தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். போதாததற்கு, நகரத்தின் நோயாளிகள் என்ற பழிச்சொல்லும் சேர்ந்துகொள்ளும்.

ஆனாலும் வந்தார்கள். நண்பர்களில் யாராவது ஒருவர் கண் மஞ்சளித்து மாதக்கணக்கில் படுத்ததைப் பார்க்காதவர் அங்கே குறைவு. துண்டறிக்கைகள் கைமாறின, சங்கங்கள் பேசின. ஆயிரக்கணக்கானோர் ரத்தம் கொடுத்தார்கள். ஏற்கெனவே வைரஸ் இருப்பவர்களும், வந்துபோய் எதிர்ப்பு பெற்றவர்களும் கழிந்துபோக, மிஞ்சியவர்களிலிருந்து 1,083 பேர் சேர்க்கப்பட்டார்கள்.

பாதிப் பேருக்கு வெற்றூசி

1978 நவம்பரில் முதல் ஊசி. 549 பேருக்குத் தடுப்பூசி, 534 பேருக்கு மருந்தில்லாத வெற்றூசி. யாருக்கு எது என்பது குலுக்கல்போல் தற்செயலாகத் தீர்மானிக்கப்பட்டது. போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. புட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தன. ஒரு தவணையில் 40 மைக்ரோகிராம் உறை. முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என்று மூன்று தவணை. நடுநடுவே வந்து ரத்தம் கொடுக்க வேண்டும்.

இந்த உறை எங்கிருந்து வந்தது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். மெர்க்கின் தொட்டிகளுக்குப் போன பிளாஸ்மா, வைரஸைச் சுமப்பவர்கள் கொடுத்தது. அவர்களில் தன்பாலீர்ப்பு ஆண்களும் இருந்தார்கள். ஒருவர் நரம்பிலிருந்து கிளம்பிய பொருள், 65 வாரம் அமிலத்திலும் யூரியாவிலும் ஃபார்மலினிலும் குளித்தெழுந்து, அதே சமூகத்தைச் சேர்ந்த இன்னொருவர் கைக்குத் திரும்பியது.

வெற்றூசி என்ற ஏற்பாடு பலருக்கும் உறுத்தும். பாதிப் பேருக்கு வேண்டுமென்றே மருந்து கொடுக்காமல் விட்டார்களே? தடுப்பூசி பலிக்குமா என்று அன்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேறு குறுக்குவழி இல்லை என்பதே நேர்மையான பதில். இவர்கள் வில்லோபுரூக் பிள்ளைகள் அல்லர், எதில் கை வைக்கிறோம் என்று கேட்டறிந்து வந்தவர்கள். யாரும் அவர்களுக்கு வைரஸைக் கொடுக்கவும் இல்லை. ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. தடுப்பூசி போட்டவர்களை மட்டும் பார்த்தால் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. அதைப் பேசவைத்தவர்கள் வெற்றூசி போட்டுக்கொண்டு, காமாலை கண்டு, மறுபடியும் வந்து ரத்தம் கொடுத்தவர்கள்.

1980 அக்டோபரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது. தடுப்பூசி போட்டவர்களில் 77 சதவீதம் பேரிடம் இரண்டு மாதத்துக்குள் எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. மூன்றாம் தவணைக்குப் பிறகு 96 சதவீதம். 18 மாதத்தில் வெற்றூசிக் குழுவில் தொற்றியவர்கள், கணக்கிடும் முறையைப் பொறுத்து, 17.1 முதல் 27 சதவீதம். தடுப்பூசிக் குழுவில் 1.4 முதல் 3.4 சதவீதம். அதிகபட்சமாக 92.3 சதவீதப் பாதுகாப்பு. எதிர்ப்பொருள் உருவான ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை. சோதனை தொடங்கி 75 நாளுக்குள்ளேயே இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு தெரிந்துவிட்டது.

சிகாகோ, டென்வர், லாஸ் ஏஞ்சலஸ், செயின்ட் லூயிஸ், சான்பிரான்சிஸ்கோ ஆகிய ஐந்து நகரங்களில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பாதி அளவு மருந்தோடு தனியே நடத்திய சோதனையும் இதை உறுதி செய்தது. 1981 நவம்பரில் ஹெப்டாவாக்ஸ் பி என்ற பெயரில் தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தது. அது முழுவீச்சில் கைகளை எட்டுவதைப் பார்க்க ஸ்முனெஸ் இல்லை. 1982 ஜூனில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

உறைபெட்டியில் இருந்த சாட்சி

உரிமம் கிடைப்பதற்கு ஐந்து மாதம் முன்பு, லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த விநோதமான நிமோனியா பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியானது. பிற்பாடு எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயின் முதல் அச்சுத் தடம் அது. அடுத்து நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் இறப்புகள். தடுப்பூசியின் மூலப்பொருள் யாருடைய ரத்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். யாருக்காக முதலில் அதை வாங்கி வைத்தார்களோ அந்த மருத்துவர்களும் செவிலியர்களுமே பலர் கை நீட்ட மறுத்தார்கள்.

ஹில்மனின் மூன்று வதைகள் இப்போதுதான் கணக்கில் வந்தன. பெப்சின், யூரியா, ஃபார்மலின் ஒவ்வொன்றும் தனித்தனியே எய்ட்ஸ் வைரஸைச் செயலிழக்கச் செய்யும் என்று சோதனைகள் காட்டின. தடுப்பூசி போட்டவர்களுக்கு எய்ட்ஸ் கூடுதலாக வரவில்லை என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1984இல் அறிவித்தது. பெயர் வைக்காத கிருமியும் சாக வேண்டும் என்று நினைத்தாரே, அந்தக் கிருமி உண்மையிலேயே அந்த ரத்தத்தில் இருந்திருக்கிறது.

வதந்தி அடங்கவில்லை. சோதனை ஊசிதான் எய்ட்ஸைப் பரப்பியது என்றார்கள். அதற்குப் பதில் சொன்னது, சோதனைக்கு வந்தவர்கள் விட்டுப்போன ரத்தமே. நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் அந்தச் சீரம் உறைபெட்டிகளில் பத்திரமாக இருந்தது. 1978, 1979ஆம் ஆண்டுகளில் எடுத்த நியூயார்க் சீரங்களை எடுத்துப் பார்த்தபோது 6.6 சதவீதத்தில் எய்ட்ஸ் வைரஸான எச்.ஐ.வி. ஏற்கெனவே இருந்தது. 2016இல் மைக்கேல் வொரோபி குழுவினர் அந்தப் பழைய சீரங்களிலிருந்து எட்டு வைரஸ்களின் மரபுச் செய்தியைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் படித்தார்கள். வைரஸ் கரீபியனிலிருந்து நியூயார்க்குக்கு 1970 வாக்கிலேயே வந்துவிட்டது என்று தெரிந்தது. முதல் ஊசிக்குக் கிட்டத்தட்ட எட்டு வருடம் முன்பு. அமெரிக்காவுக்கு நோயைக் கொண்டுவந்தவர் என்று பல ஆண்டுகள் பழி சுமந்த கனடா விமானப் பணியாளர் ஒருவரின் பெயரையும் அதே ஆய்வு துடைத்தது.

ஒரு நோய்க்காகக் கொடுத்த ரத்தம் இன்னொரு நோயின் பிறப்புச் சான்றிதழாக ஆனது. கொடுத்தவர்களில் பலர் அதைப் படிக்க உயிரோடு இல்லை.

ஈஸ்ட், ஐம்பது ரூபாய், கீழாநெல்லி

ரத்தத்தின் மேல் ஏற்பட்ட பயம் உறையை வேறு வழிக்குத் தள்ளியது. உறையைச் செய்யும் மரபணுவை மட்டும் வெட்டி ரொட்டி ஈஸ்ட்டுக்குள் வைத்தார்கள். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் அந்த ஈஸ்ட்டைக் கொஞ்சம் தொட்டியில் விட்டால் போதும், அது பெருகிப் பெருகி உறையைச் செய்து தரும். 1986இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற இதுதான் மரபணுப் பொறியியல் வழியில் மனிதருக்கு வந்த முதல் தடுப்பூசி. நோயாளியின் ரத்தம் தேவையில்லாமல் போயிற்று.

தேவைப்பட்டவர்களோ ஆசியாவில் இருந்தார்கள். அமெரிக்காவில் அப்போது மூன்று தவணைக்கு ஏறக்குறைய நூறு டாலர் ஆனது. தைவானில் பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றி, நடு வயதில் கல்லீரல் புற்றுநோயாக முடிவது வழக்கமாக இருந்தது. பால்மர் பீஸ்லி அங்கே 22,707 அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்து வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவைக் காட்டினார். 1984இல் தைவான் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. பத்தாண்டில், ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70 என்பதிலிருந்து 0.36 ஆக இறங்கியது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைக் குறைத்த முதல் கணக்கு அது.

இந்தியாவுக்கு அது மலிவாக வந்தது 1997இல். ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நாட்டிலேயே செய்த ஈஸ்ட் தடுப்பூசியை ஒரு தவணை 50 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியதும், இறக்குமதிப் புட்டிகளின் விலையும் சேர்ந்து சரிந்தது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட்டில் இதைச் சேர்த்து அரசுத் திட்டத்தில் கொடுக்கத் தொடங்கியபோது, முதல் இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும்.

சென்னைக்கு அதற்கு முன்பே ஒரு தொடர்பு உண்டு. காமாலை என்றாலே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது நம் வீட்டு வைத்தியம். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்து நடத்திய சோதனை லான்செட் இதழில் வந்தது. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். கட்டுரையாளர்களில் ஒருவர் பாருக் பிளம்பெர்க். தான் பெயர் வைத்த பொருளைத் துரத்திக்கொண்டு அவர் கீழாநெல்லிவரை வந்திருந்தார். மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. இங்கும் முடிவு சொன்னது அதே முறைதான்: பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் பொடி, பிறகு எண்ணிப் பார்ப்பது.

குலுக்கிப் பார்த்தல்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்கென்று வைத்திருக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியில் வெப்பம் இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் நிற்க வேண்டும். சூடானாலும் ஹெபடைட்டிஸ் பி புட்டி சில காலம் தாங்கும். குளிர் மிஞ்சி உறைந்தால் தாங்காது. உறையோடு ஒட்டியிருக்கும் அலுமினிய உப்பு திரிந்து கட்டியாகிவிடும், மருந்தின் வீரியம் போய்விடும்.

சந்தேகம் வந்தால் செவிலியர் ஒரு காரியம் செய்வார். அதே தொகுப்பில் ஒரு புட்டியை வேண்டுமென்றே உறையவைத்து, உருகவிடுவார். அதையும் சந்தேகப் புட்டியையும் ஒன்றாகக் கையில் பிடித்துக் குலுக்கி, அருகருகே மேசைமேல் வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருப்பார். உறையவைத்த புட்டியில் வெள்ளைப் படிவு விறுவிறுவென்று அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்துவிடும். மற்றது இன்னும் பால்போல் கலங்கியே இருந்தால் நல்லது, போடலாம். அதுவும் அதே வேகத்தில் தெளிந்தால் குப்பைக்கு.

பழங்குடி மனிதரின் சீரமும் நியூயார்க் இளைஞர்களின் சீரமும் உறைந்து கிடந்ததால்தான் நமக்குச் செய்தி சொல்லின. அவற்றிலிருந்து வந்த மருந்து உறைந்தால் வீண். மேசைமேல் இருக்கும் இரண்டு புட்டிகளில் ஒன்று கெடுக்கப்பட்டது, அந்த ஒன்று இல்லாவிட்டால் மற்றதை நம்ப வழியில்லை. செவிலியர் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கலங்கலாக நின்ற புட்டியிலிருந்து அரை மில்லியை ஊசியில் ஏற்றுகிறார்.